வீட்டுக் கணினிக்கு இலவச ஆன்டிவைரஸ்: எதை வைத்து எடைபோடுவது?

வீட்டில் ஒரு விண்டோஸ் லேப்டாப். பிள்ளைகளின் படிப்பு, ரயில் டிக்கெட், நெட் பேங்கிங் எல்லாம் அதில்தான். காசு கொடுக்காமல் எந்த ஆன்டிவைரஸ் போடலாம், விண்டோஸோடு வருகிற டிஃபெண்டர் மட்டும் போதுமா, ஆளுக்கொன்று சொல்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரிஜினல் விண்டோஸ் 11 இருந்து, அப்டேட்டுகளும் ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தால் டிஃபெண்டர் போதும். ஆனால் வாங்கியபோது இருந்தபடியே விட்டுவிடக் கூடாது. நான்கைந்து இடங்களில் கை வைக்க வேண்டும், அவற்றைக் கீழே சொல்கிறேன். வேறொன்றுதான் வேண்டும் என்றால் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: அந்த இலவசத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள், இலவசப் பதிப்பில் எதைப் பிடுங்கிவிட்டார்கள், உங்கள் கணினியில் அது எவ்வளவு பாரமாக உட்கார்கிறது. வைரஸைப் பிடிக்கும் சதவீதம் இதற்கெல்லாம் பிறகுதான். பெயர் பெற்ற எல்லா நிறுவனங்களும் அதில் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கின்றன.

டிஃபெண்டருக்கு வந்த கெட்ட பெயர்

விஸ்டாவிலும் விண்டோஸ் 7-லும் இருந்த டிஃபெண்டர் முழு ஆன்டிவைரஸே இல்லை. ஸ்பைவேரை (நமக்குத் தெரியாமல் உளவு பார்க்கும் மென்பொருளை) மட்டும் பார்க்கிற சின்னக் கருவி. 2009-இல் மைக்ரோசாஃப்ட் ‘செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ்’ என்று தனியாக ஒன்றை இலவசமாகக் கொடுத்தது. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோதுதான் டிஃபெண்டர் முழு ஆன்டிவைரஸ் ஆனது. அதற்குப் பிறகும் சில வருடங்கள் சோதனைகளில் கடைசி வரிசையில்தான் நின்றது. சர்வீஸ் கடைகளில் இன்றும் ‘டிஃபெண்டரா, அது சும்மா சார்’ என்று சொல்வார்கள். அது அந்தக் காலத்துப் பழக்கம். இப்போது அது ஏவி-டெஸ்ட் நிறுவனத்தின் சோதனையில் 18-க்கு 18 பலமுறை வாங்கியிருக்கிறது.

குறையே இல்லையா என்றால், உண்டு. ஒன்று, டிஃபெண்டர் தன் மூளையில் பெரும்பகுதியை மைக்ரோசாஃப்டின் சர்வரில் வைத்திருக்கிறது. இணையம் இல்லாத நேரத்தில் பென்டிரைவில் வரும் புதிய வைரஸைப் பிடிப்பதில் பிட்டிஃபெண்டர் (பெயர் ஒத்திருந்தாலும் வேறு நிறுவனத்தின் ஆன்டிவைரஸ்) போன்றவற்றைவிடப் பின்தங்கும். நெட் கனெக்ஷன் எப்போதாவது மட்டும் இருக்கிற, பென்டிரைவ் அடிக்கடி செருகப்படுகிற கணினி என்றால் இது உண்மையான காரணம். வேறு ஆன்டிவைரஸ் போடுவதில் அர்த்தம் இருக்கிறது. இரண்டாவது, மோசடித் தளங்களைத் தடுக்கும் ஸ்மார்ட்ஸ்கிரீன் எட்ஜ் பிரவுசருக்குள்தான் முழுமையாக வேலை செய்யும். குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் அந்த வேலையைக் கூகுளின் சேஃப் பிரவுசிங் பார்க்கிறது. குரோம் செட்டிங்ஸில் ‘என்ஹான்ஸ்டு ப்ரொடெக்ஷன்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் இந்த இடைவெளி பெருமளவு அடைபடும். பதிலுக்கு நீங்கள் போகும் தளங்களைப் பற்றிக் கூடுதல் தகவல் கூகுளுக்குப் போகும்.

சோதனை முடிவுகளைப் படிக்கும் முறை

நம்பிப் பார்க்கக் கூடியவை மூன்று: ஜெர்மனியில் மாக்டபுர்க் நகரத்தின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரூக்கின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ், லண்டனின் எஸ்ஈ லேப்ஸ். மூன்றும் முடிவுகளை இலவசமாகவே வெளியிடுகின்றன. ‘டாப் 10 ஃப்ரீ ஆன்டிவைரஸ்’ என்று தேடினால் முதலில் வரும் பக்கங்களில் பல, நீங்கள் லிங்கைத் தட்டி வாங்கினால் கமிஷன் பெறுபவை. அவற்றின் வரிசைக்கும் தரத்துக்கும் பெரிய தொடர்பில்லை.

ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை என்று மூன்றுக்கும் தலா 6 மதிப்பெண் கொடுக்கிறது. மூன்றாவது தலைப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது மெனு அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை; நல்ல மென்பொருளை வைரஸ் என்று தவறாகப் பிடிக்கிறதா என்பதைத்தான் அளக்கிறது. வீட்டுக்கு இது முக்கியம். தப்பு அலாரம் அடிக்கடி அடித்தால் ஆட்கள் எச்சரிக்கையைப் படிக்காமலே ‘அனுமதி’யை அழுத்தப் பழகிவிடுவார்கள். ஒரு நாள் உண்மையான வைரஸுக்கும் அதே விரல் போகும்.

ஏவி-கம்பேரட்டிவ்ஸில் ‘ரியல்-வேர்ல்டு’ சோதனைதான் வீட்டு நிலைமைக்கு நெருக்கமானது. வைரஸ் இருக்கிற இணைய முகவரிக்கே போய், பதிவிறக்கி, ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். ஒரு சுற்றில் பயன்படுத்தும் மாதிரிகள் சில நூறுதான். அப்படியென்றால் 99.6-க்கும் 99.8-க்கும் உள்ள வித்தியாசம் ஒன்றிரண்டு மாதிரிகள். அடுத்த சுற்றில் வரிசை தலைகீழாகலாம். அதனால் ஒரே ஒரு அறிக்கையைப் பார்க்காமல் ஒரு வருடத்து அறிக்கைகளை அடுக்கிப் பாருங்கள். தொடர்ந்து மேலேயே இருக்கிறதா என்பது போதும்.

அதே அட்டவணையில் ‘யூசர் டிபென்டன்ட்’ என்று ஒரு நிறம் இருக்கும். மென்பொருள் தானாக முடிவெடுக்காமல் ‘இதை ஓடவிடலாமா?’ என்று உங்களைக் கேட்ட சந்தர்ப்பங்கள் அவை. மதிப்பெண் போடும்போது பாதிக் கணக்கு கொடுக்கிறார்கள். விவரம் தெரிந்தவருக்கு அது பரவாயில்லை. பத்து வயதுப் பிள்ளையோ பாட்டியோ உட்காரும் கணினிக்கு அந்த நிறம் அதிகமாக உள்ள எதையும் போடாதீர்கள்.

இன்னொன்று: சோதிக்கப்பட்டது இலவசப் பதிப்பா, காசுப் பதிப்பா என்று பெயரைக் கவனியுங்கள். வைரஸைப் பிடிக்கும் எஞ்சின் பொதுவாக ஒன்றேதான். ஆனால் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வகை) தடுப்பு, மோசடித் தள வடிகட்டி போன்ற மேல் அடுக்குகள் காசுப் பதிப்பில் மட்டும் இருந்தால், அதன் மதிப்பெண் உங்களுக்குப் பொருந்தாது.

யூடியூபில் ஒரு ஃபோல்டர் நிறைய வைரஸைக் கொட்டி ‘ஸ்கேன்’ அழுத்திக் காட்டும் வீடியோக்களை ஒதுக்கிவிடலாம். அந்த ஃபைல்கள் எங்கிருந்து வந்தன, அவற்றில் எத்தனை இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. தவிர, இன்றைய ஆன்டிவைரஸ் பாதி வேலையைப் பதிவிறக்கும் நேரத்திலேயே செய்கிறது. ஃபைலுக்கு ‘இணையத்திலிருந்து வந்தது’ என்ற குறி விழும். அதை வைத்துத்தான் அதன் நற்பெயர் சரிபார்க்கப்படும். பென்டிரைவில் காப்பி செய்து கொண்டுவந்தால் அந்த அடுக்கு முழுவதும் சோதனைக்கு வெளியே போய்விடும்.

இலவசத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

அவாஸ்ட் 2016-இல் ஏவிஜியை வாங்கியது. நார்ட்டன் 2020 கடைசியில் அவிராவை வாங்குவதாக அறிவித்தது. 2022-இல் அவாஸ்டோடும் இணைந்தது. இப்போது நார்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா நான்கும் ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கடைகள். ‘அவாஸ்ட் சரியில்லை, ஏவிஜிக்கு மாறிவிட்டேன்’ என்பவர்கள் ஒரே வீட்டின் முன்வாசலில் இறங்கிப் பின்வாசலில் ஏறியிருக்கிறார்கள். ஏவிஜியும் அவாஸ்டும் உள்ளே ஓடுவது ஒரே எஞ்சினில். சோதனை முடிவுகளில் இரண்டும் ஒட்டிக்கொண்டே வருவது அதனால்தான்.

அவாஸ்டின் துணை நிறுவனம் ஜம்ப்ஷாட். பயனர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற விவரத்தைத் திரட்டி விற்றுக்கொண்டிருந்தது. 2020 ஜனவரியில் பத்திரிகைகள் அதை வெளிக்கொண்டுவந்ததும் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024-இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேடு கமிஷன், அவாஸ்ட் 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்றும், உலாவல் விவரங்களை விளம்பரத்துக்காக விற்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது. இன்றைய அவாஸ்ட் அந்த வேலையைச் செய்கிறது என்று சொல்லவில்லை. தடை உத்தரவே இருக்கிறது. ஆனால் போட்டதும் செட்டிங்ஸில் ‘பர்சனல் பிரைவசி’ பகுதிக்குப் போய், மூன்றாம் தரப்போடு பகிர்வது தொடர்பான டிக்குகளை எடுத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

காஸ்பர்ஸ்கியின் விவகாரம் வேறு மாதிரி. எஞ்சின் தரமானது, இலவசப் பதிப்பும் நச்சரிப்புக் குறைவானது. நிறுவனம் ரஷ்யாவைச் சேர்ந்தது என்பதுதான் பிரச்சினை. ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அமைப்பு 2022 மார்ச்சில் அதை மாற்றிவிடும்படி அறிவுறுத்தியது. அமெரிக்கா 2024-இல் விற்பனையையும் அப்டேட்டையும் தடை செய்தது. அந்த செப்டம்பரில் அங்குள்ள பல வாடிக்கையாளர்களின் கணினியில் காஸ்பர்ஸ்கி தானாக நீங்கி அல்ட்ராஏவி என்ற கேள்விப்படாத ஒன்று உட்கார்ந்திருந்தது. அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இது தேர்விலேயே இல்லை. இந்தியாவில் கிடைக்கிறது. உங்கள் வீட்டுக் கணினி ஒரு நாட்டின் உளவுத்துறைக்கு இலக்காக வாய்ப்பு குறைவு என்றாலும், அரசு அலுவலக வேலையை வீட்டில் செய்பவர் தவிர்ப்பது நல்லது.

பிட்டிஃபெண்டர் பழைய இலவசப் பதிப்பை 2021 கடைசியில் நிறுத்திவிட்டுப் புதிய ஒன்றை 2022-இல் விட்டது. டிஃபெண்டர் வேண்டாம் என்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான். செட்டிங்ஸ் குறைவு, குடைந்து மாற்ற அதிகம் ஒன்றுமில்லை. வீட்டுக்கு அது நல்லதே. கணக்கு ஒன்று தொடங்கச் சொல்லும்; அதற்குத் தனி இமெயில் கொடுங்கள்.

மால்வேர்பைட்ஸ் இலவசம் என்று போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: முதல் 14 நாட்கள் காசுப் பதிப்பின் சோதனை ஓட்டம், அதன் பிறகு நீங்கள் அழுத்தினால் மட்டும் ஸ்கேன் செய்யும். காவல் நிற்காது. டிஃபெண்டரோடு சேர்த்து இரண்டாவது பார்வைக்கு நல்லது, தனியாக வைத்தால் வாசலில் ஆள் இல்லை என்று அர்த்தம். ஓப்பன் சோர்ஸ் என்பதால் கிளாம்வின் போடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

புது லேப்டாப்பில் மெக்கஃபி போன்றவை முன்கூட்டியே இருக்கும். அவை இலவசப் பதிப்பு இல்லை, காலக்கெடு உள்ள டிரையல். அது இருக்கும்வரை டிஃபெண்டர் ஒதுங்கி நிற்கும். கெடு முடிந்தும் நீக்காமல் விட்டால் அரைகுறையாக ஒரு காவல்காரர் நிற்பார். வாங்கிய அன்றே நீக்கிவிடுங்கள். கண்ட்ரோல் பேனலில் நீக்கினாலும் எச்சம் இருந்தால் அந்தந்த நிறுவனம் கொடுக்கும் தனி நீக்கும் கருவியை ஓட்டி, ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் செக்யூரிட்டியில் டிஃபெண்டர் பச்சை டிக்கோடு எழுந்துவிட்டதா என்று பாருங்கள்.

இரண்டு ஆன்டிவைரஸ் ஒரே நேரத்தில் காவல் நிற்கக் கூடாது. ஒவ்வொரு ஃபைல் திறக்கும்போதும் இரண்டும் குறுக்கே வரும், ஒன்று பிடித்து வைத்ததை மற்றொன்று பிடிக்கும், கணினி நத்தையாகும். வேறொன்று போட்டதும் டிஃபெண்டர் தானாக அணைவது இதற்காகத்தான். ‘பீரியாடிக் ஸ்கேனிங்’ என்பதை மட்டும் ஆன் செய்தால் அவ்வப்போது இரண்டாவது ஸ்கேனராக வந்து போகும், சண்டை போடாது.

உங்கள் கணினியிலேயே சோதிப்பது

எந்த லேபின் வேகச் சோதனையும் உங்கள் 4 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்க் லேப்டாப்பைப் பற்றிச் சொல்லாது. நீங்களே அளக்கலாம். ஆயிரக்கணக்கில் சின்ன ஃபைல்கள் உள்ள ஒரு ஃபோல்டரை, உதாரணமாகப் பழைய போட்டோக்களை, வேறொரு இடத்துக்குக் காப்பி செய்து கைப்பேசி ஸ்டாப்வாட்சில் நேரம் குறியுங்கள். மூன்று முறை செய்து முதலாவதை விட்டுவிடுங்கள். ஒரு முறை பார்த்த ஃபைலை ஆன்டிவைரஸ் நினைவில் வைத்துக்கொள்வதால் முதல் தடவை எப்போதும் மெதுவாக இருக்கும். பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து பிரவுசரில் ஒரு பக்கம் திறக்கும்வரை ஆகும் நேரத்தையும் குறியுங்கள். ஆன்டிவைரஸ் போட்டு ஒரு நாள் கழித்து, முதல் முழு ஸ்கேன் முடிந்த பிறகு, அதே அளவை மறுபடி எடுங்கள். போட்ட உடனே அளந்தால் எல்லாமே மோசமாகத்தான் தெரியும்.

காவல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஐகார் சோதனை ஃபைல் இருக்கிறது. வெறும் 68 எழுத்துகள், யாருக்கும் கெடுதல் செய்யாது, ஆனால் எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸாகவே பாவிக்க ஒத்துக்கொண்டிருக்கின்றன. அதன் தளத்தில் நேரடி ஃபைலும் ஜிப்புக்குள் வைத்ததும் கிடைக்கும். நேரடி ஃபைல் இறங்கியவுடன் தடுக்கப்பட வேண்டும். ஜிப்புக்குள் இருப்பது விரிக்கும்போதுதான் பிடிபட்டால் அதைக் குறையாக எடுக்க வேண்டாம், பல ஆன்டிவைரஸ்கள் அப்படித்தான். இந்தச் சோதனை சொல்வது ‘ஆள் விழித்திருக்கிறார்’ என்பதை மட்டும். அவர் கெட்டிக்காரரா என்பதைச் சொல்லாது.

ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். ‘உங்கள் கணினியில் 214 பிரச்சினைகள்’ என்று சிவப்பில் காட்டி, உள்ளே போய்ப் பார்த்தால் குக்கீகளும் குப்பை ஃபைல்களுமாக இருந்து, சரிசெய்யக் காசு கேட்டால் அதை எடுத்துவிடுங்கள். பயத்தை விற்கும் மென்பொருள் உண்மையான ஆபத்தைச் சொல்லும் நாளில் யாரும் கேட்க மாட்டார்கள்.

இன்னொரு சோதனை பலர் செய்யாதது. ஏதாவது தளத்தில் முகவரிப் பட்டையின் இடது ஓரக் குறியைத் தட்டி, சான்றிதழ் யார் கொடுத்தது என்று பாருங்கள். அங்கே உங்கள் ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் பெயர் இருந்தால், நீங்களும் அந்தத் தளமும் பூட்டி அனுப்பும் பேச்சை அது நடுவில் திறந்து படித்து மறுபடி பூட்டுகிறது. வைரஸைத் தேடத்தான். ஆனாலும் பேங்க் தளத்தில் இது வேண்டாம். எச்டிடிபிஎஸ் ஸ்கேனிங் என்ற பெயரில் இருக்கும், அணைக்கலாம்.

டிஃபெண்டரில் கை வைக்க வேண்டிய இடங்கள்

ஸ்டார்ட்டில் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று தேடித் திறந்துகொள்ளுங்கள். ‘வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன்’, அதில் ‘மேனேஜ் செட்டிங்ஸ்’. ரியல்-டைம், கிளவுட், டாம்பர் ப்ரொடெக்ஷன் மூன்றும் ஆனாக இருக்க வேண்டும். டாம்பர் ப்ரொடெக்ஷன்தான் வைரஸ் வந்து டிஃபெண்டரை அணைப்பதைத் தடுக்கிறது. சந்தேகமான ஃபைலை மைக்ரோசாஃப்டுக்குத் தானாக அனுப்பும் வசதியும் அங்கேயே இருக்கிறது. தனிப்பட்ட ஆவணங்கள் நிறைய இருந்தால் அதை மட்டும் அணைக்கலாம்.

அதே பக்கத்தின் அடியில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’. இதைக் கட்டாயம் திறந்து பாருங்கள். ஒன்றும் இல்லாமல் காலியாக இருக்க வேண்டும். அசெம்பிள் செய்து வாங்கிய கணினியில் விண்டோஸையோ ஆஃபிஸையோ கிராக் செய்யும்போது (லைசென்ஸ் இல்லாமல் ஓடும்படி உடைக்கும்போது) இங்கே ஒரு ஃபோல்டரை, சில நேரம் சி டிரைவ் முழுவதையுமே, சேர்த்துவிட்டுப் போயிருப்பார்கள். டிஃபெண்டர் பச்சை டிக் காட்டிக்கொண்டே குருடாக இருக்கும். செட்டிங்ஸ் எல்லாம் மங்கலாகி ‘உங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர் நிர்வகிக்கிறார்’ என்று வீட்டுக் கணினியில் வந்தால், யாரோ விண்டோஸின் நிர்வாகக் கட்டுப்பாட்டை (பாலிசி) வைத்து அணைத்திருக்கிறார்கள். அதைத் தோண்டிச் சரிசெய்வதைவிட, ஃபைல்களை வெளியே எடுத்துவிட்டு மைக்ரோசாஃப்ட் தளத்தின் மீடியா கிரியேஷன் டூல் வைத்து விண்டோஸைப் புதிதாகப் போடுவது நல்லது.

‘ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோல்’ போய் ‘ரெப்யூடேஷன் பேஸ்டு ப்ரொடெக்ஷன்’ திறந்து, வேண்டாத ஆப்களைத் தடுக்கும் பகுதியில் இரண்டு டிக்குகளையும் போடுங்கள். டூல்பார், போலி டிரைவர் அப்டேட்டர், ‘பிசி பூஸ்டர்’ வகையறா இதில்தான் சிக்கும். வைரஸ் என்று சொல்ல முடியாத, ஆனால் வீட்டுக் கணினியை உண்மையில் பாழாக்குகிறவை அவைதான்.

‘ரான்சம்வேர் ப்ரொடெக்ஷன்’ பகுதியில் ‘கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ ஆரம்பத்தில் அணைந்தே இருக்கும். ஆன் செய்தால் டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களில் தெரியாத ஆப் எதுவும் எழுத முடியாது. டேலி கணக்கு வேறு டிரைவில் இருந்தால் அந்த ஃபோல்டரையும் கையால் சேர்க்க வேண்டும். சிக்கல் என்ன வரும்? பழைய மென்பொருள்கள் ‘சேவ்’ ஆக மறுக்கும், ஏன் என்று சரியாகச் சொல்லாது. ‘ஃபைல் நாட் ஃபவுண்ட்’ போன்ற சம்பந்தமில்லாத பிழைச் செய்தி வந்தால் ‘ப்ரொடெக்ஷன் ஹிஸ்டரி’யில் பார்த்து, அந்த மென்பொருளை அனுமதிப் பட்டியலில் சேருங்கள். தமிழ் தட்டச்சு மென்பொருள்கள் சிலவற்றை ஆன்டிவைரஸ் சந்தேகிப்பதற்கும் இதுபோல ஒரு காரணம் உண்டு. ஒவ்வொரு விசையையும் இடைமறித்து மாற்றுவதுதான் அவற்றின் வேலை. பாஸ்வேர்டு திருடும் கீலாகரும் அதையேதான் செய்கிறது. உருவாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கியதாக இருந்தால் அனுமதிக்கலாம்.

டாஸ்க் மேனேஜரில் ‘ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்’ டிஸ்க்கை 100 சதவீதம் தின்கிறது என்ற புகார் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியிலிருந்து வரும். கணினி சும்மா இருக்கும்போது ஸ்கேன் செய்யும்படிதான் அது அமைக்கப்பட்டிருக்கிறது. வேலை முடிந்த கையோடு மூடிவிடுகிறவர்களுக்கு அந்தச் சும்மா நேரம் கிடைக்காமல், திறந்ததும் ஆரம்பிக்கும். வாரம் ஒரு நாள் மதிய நேரத்தில் ஒரு மணி நேரம் திறந்து விட்டுவிடுங்கள். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் ஆன்டிவைரஸ் மாற்றுவதால் கிடைக்கும் வேகத்தைவிடப் பல மடங்கு கிடைக்கும்.

எந்த ஆன்டிவைரஸும் தோற்கும் இடங்கள்

கிராக் மென்பொருள்தான் முதலிடம். ‘இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்டிவைரஸை அணைக்கவும்’ என்று எழுதியிருக்கும். அணைத்த பிறகு எந்த ஆன்டிவைரஸாக இருந்தால் என்ன? ஜிப்புக்குப் பாஸ்வேர்டு போட்டு, அதைப் பக்கத்திலேயே எழுதிவைத்திருந்தால், ஆன்டிவைரஸ் உள்ளே பார்க்கக் கூடாது என்பதற்காகவே பூட்டியிருக்கிறார்கள். வீட்டு போட்டோக்களைப் பூட்டிவிடும் ஸ்டாப் எனப்படும் ரான்சம்வேர் குடும்பம் இந்த வழியாகத்தான் பரவியது.

அதைவிட இப்போது அதிகம் வருவது தகவல் திருடும் வகை. லும்மா என்ற ஒன்று மட்டும் 2025 மார்ச் நடுவிலிருந்து மே நடுவுக்குள் 3,94,000 விண்டோஸ் கணினிகளில் இருந்ததாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. அது பரவிய வழிகளில் ஒன்று போலி கேப்ச்சா: ‘நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, பேஸ்ட் செய்து, எண்டர் தட்டவும்.’ எந்த உண்மையான தளமும் இப்படிக் கேட்காது. வீட்டில் எல்லோரிடமும் இந்த ஒரு வரியைச் சொல்லிவையுங்கள். இந்த வகை சில நிமிடங்களில் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் லாகின் குக்கீகளையும் (நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்தவர் என்று தளத்துக்குக் காட்டும் சீட்டுகளையும்) அள்ளிக்கொண்டு தன்னையே அழித்துக்கொள்ளலாம். மறுநாள் ஸ்கேன் செய்தால் ‘எதுவும் இல்லை’ என்றே வரும். அதனால் சந்தேகம் வந்தால் வேறொரு சாதனத்திலிருந்து இமெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை மாற்றி, ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் அழுத்த வேண்டும். பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது. திருடிய குக்கீ வேலை செய்துகொண்டே இருக்கலாம். பணம் போயிருந்தால் இந்தியாவில் 1930 எண்ணுக்கு உடனே அழையுங்கள்.

அடுத்தது ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர் பென்டிரைவ். ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். பென்டிரைவ் செருகியதும் தானாக ஓடும் வசதியை விண்டோஸ் எப்போதோ நிறுத்திவிட்டது. அதனால் உங்களையே இரட்டை க்ளிக் செய்ய வைக்கிற தந்திரம் இது. க்ளிக் செய்யாதீர்கள். எக்ஸ்ப்ளோரரில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி, ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களை மறைக்கும் டிக்கையும் எடுங்கள். உங்கள் ஃபோல்டர்கள் மங்கலாகத் தெரியும். பல நேரம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் இருக்கும். ஆவணங்களையும் படங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு பென்டிரைவை ஃபார்மட் செய்யுங்கள். பிறகு வேறொரு சுத்தமான பென்டிரைவைச் செருகுங்கள். அதிலும் ஷார்ட்கட் வந்தால் கணினியே பாதிக்கப்பட்டிருக்கிறது.

‘உங்கள் மெக்கஃபி காலாவதியானது, 5 வைரஸ்கள்’ என்று திரையின் வலது மூலையில் வந்துகொண்டே இருந்தால், அது பெரும்பாலும் வைரஸே இல்லை. ஏதோ தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். குரோம் செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போய்த் தெரியாத தளங்களை எல்லாம் நீக்குங்கள். ஸ்கேன் தேவையில்லை. திரை முழுக்கச் சிவப்பாகி ஒரு போன் நம்பர் வந்தால் அழைக்காதீர்கள். மைக்ரோசாஃப்டின் பிழைச் செய்தியில் போன் நம்பர் வராது.

ஏற்கெனவே தொற்றிவிட்டது என்று தோன்றினால் வரிசை இப்படி: நெட்டைத் துண்டித்து, ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ உள்ளே டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள். விண்டோஸ் எழும் முன்பே சுமார் 15 நிமிடம் ஓடும், ஒளிந்துகொள்ளும் வகைகளுக்கு இதுதான் சரி. பிறகு நெட்டை இணைத்து இரண்டாவது பார்வைக்கு மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரோ மால்வேர்பைட்ஸோ. சேஃப்டி ஸ்கேனர் இறக்கிய 10 நாளில் காலாவதியாகும், பழையதை வைத்துக்கொண்டிருக்காதீர்கள். சென்னையைச் சேர்ந்த கே7, புனேயின் குவிக் ஹீல் போன்ற நிறுவனங்களின் பாட் (கணினியைத் தொலைவிலிருந்து பிறர் இயக்கவைக்கும் மென்பொருள்) நீக்கும் கருவிகள் இந்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே ஒரு ஃபைல்தான் சந்தேகம் என்றால் வைரஸ்டோட்டல் என்ற தளத்தில் ஏற்றிப் பல எஞ்சின்களின் தீர்ப்பை ஒன்றாகப் பார்க்கலாம். பெயர் தெரியாத ஒன்றிரண்டு எஞ்சின்கள் மட்டும் சிவப்பு காட்டினால் பெரும்பாலும் தப்பு அலாரம். ஆதார் நகலையோ வருமான வரிக் காகிதத்தையோ அங்கே ஏற்றாதீர்கள். ஏற்றும் ஃபைல்களைச் சந்தாதாரர்களான ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்க முடியும்.

பழைய விண்டோஸ்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் 2028 வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. இதைப் பார்த்து ‘அப்போ 2028 வரை கவலையில்லை’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விண்டோஸிலேயே உள்ள ஓட்டையை ஆன்டிவைரஸ் அடைக்காது. அதன் வழியாக வருகிறவரை அடையாளம் தெரிந்தால் பிடிக்கும், அவ்வளவுதான்.

விண்டோஸ் 7-க்கு எந்த இலவச ஆன்டிவைரஸ் நல்லது என்றும் பலர் கேட்கிறார்கள். அதன் ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது, குரோம் 109-ஓடு நின்றுவிட்டது. அதில் எதைப் போட்டாலும் நெட் பேங்கிங் செய்யாதீர்கள். பழைய கணக்கு மென்பொருளுக்காக வைத்தே ஆக வேண்டும் என்றால் வைஃபையை அணைத்து, நெட் கேபிளை எடுத்துவிட்டு, அதற்கென்றே ஒரு பென்டிரைவ் ஒதுக்கி, ஒவ்வொரு முறையும் விண்டோஸ் 11 கணினியில் ஸ்கேன் செய்த பிறகு மட்டும் செருகுங்கள். இணையத்துக்கு அதே பழைய கணினிதான் வேண்டும் என்றால், ஃபைல்களை பேக்கப் எடுத்துவிட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம் போடுங்கள். எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 4 ஜிபி ராமில் தாராளமாக ஓடும்.